விந்தகம்: டர்பன் பக்கத்துத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று எங்கே இருந்தாலும், விதை என்றும் சொல்லப்படும் இந்த உறுப்பைப் பற்றி ஆண்கள் நேராக வாய் திறப்பது அரிது. கேள்வி மனைவி வழியாக வரும், அல்லது பையனுக்காக அம்மா கேட்பார். அப்படி வருகிற கேள்விகளுக்கு இங்கே விடை. பையனுக்கு இந்த நேரத்தில் திடீர் வலி என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, ‘திடீர் வலி’ என்ற கேள்விக்குப் போங்கள். அதையும் வண்டியில் ஏறிய பிறகு படித்தால் போதும்.

ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக இருக்கிறது; இடப்பக்கம் கீழே தொங்குகிறது. கோளாறா?

இல்லை. வளர்ந்த ஆணின் விந்தகம் 4 முதல் 5 செ.மீ. நீளம், ஏறத்தாழ 3 செ.மீ. அகலம் இருக்கும், கொள்ளளவு 15 முதல் 25 மி.லி. பெரும்பாலோருக்கு இடது சற்றுத் தாழ்ந்திருக்கும். இரண்டுக்கும் சிறு அளவு வேறுபாடு இயல்பு. நேற்றுவரை இல்லாத மாற்றம்தான் காட்டிக்கொள்ள வேண்டியது.

மருத்துவர் அளவெடுக்க ஆர்க்கிடோமீட்டர் என்ற மணிக்கோவை வைத்திருப்பார். 1 முதல் 25 மி.லி. வரை எண் பொறித்த மணிகள் அதில் இருக்கும். ஒரு கையில் விந்தகம், மறு கையில் மணி என்று ஒப்பிட்டுப் பார்ப்பார். 4 மி.லி. ஆனால் பையன் பருவமடையத் தொடங்கிவிட்டான் என்று பொருள். வளர்ந்தவரிடம் இரண்டுமே 12 மி.லி.க்குக் கீழே, தொட்டால் தொளதொளவென்று இருந்தால் விந்தணு உற்பத்தி குறைவாக இருக்கலாம். விந்தகத்தின் பெரும்பகுதி விந்தணு செய்யும் குழல்தான் என்பதால் அளவே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது.

உள்ளே என்ன இருக்கிறது?

வெளியே தடித்த வெண்ணிற உறை. அதிலிருந்து உள்நோக்கிப் போகும் மெல்லிய தடுப்புகள் விந்தகத்தை 200 முதல் 300 நுண்மடல்களாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு மடலிலும் ஒன்று முதல் நான்கு விந்து நுண்குழல்கள் சுருண்டு கிடக்கும். பிரித்து நீட்டினால் ஒரு குழல் 30 முதல் 80 செ.மீ. வரும்.

குழலின் உட்சுவரில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. ஒன்று, பிரிந்து பிரிந்து விந்தணுவாக மாறும் இனச்செல். மற்றொன்று, அதைத் தாங்கி ஊட்டும் செர்டோலி செல். இத்தாலியர் என்ரிகோ செர்டோலி 1865இல் விவரித்தது. குழலுக்கு வெளியே, குழல்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் லெய்டிக் செல்கள் இருக்கின்றன. ஜெர்மானியர் ஃபிரான்ஸ் லெய்டிக் 1850இல் கண்டது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரப்பவை இவைதாம்.

ஆகவே விந்தகத்துக்கு வேலை இரண்டு, அவை நடக்கும் இடமும் இரண்டு: குழலுக்குள் விந்தணு, குழலுக்கு வெளியே ஹார்மோன். ஒன்று நின்றாலும் மற்றது ஓடும். புற்றுநோய் மருந்து வேகமாகப் பிரியும் இனச்செல்லை அழிக்கும், ஆனால் லெய்டிக் செல்லைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதனால் ஒரு விந்தணுகூட இல்லாத ஆணுக்கு மீசை, குரல், ஆசை, விறைப்பு எல்லாம் குறைவின்றி இருக்கலாம். ‘பிள்ளை இல்லை’ என்பதை ‘ஆண்மை இல்லை’ என்று படிக்கும் சொந்தக்காரர்கள் இந்த ஒரு பத்தியைப் படித்தால் பல கல்யாண வீடுகளில் நிம்மதி பிறக்கும்.

அருகருகே உள்ள செர்டோலி செல்கள் இறுக ஒட்டிக்கொண்டு ஒரு தடுப்பையும் அமைக்கின்றன. விந்தணு உருவாவது பருவ வயதில்தான். ‘இது என் உடம்பு, இது அந்நியம்’ என்று நோயெதிர்ப்பு அமைப்பு அதற்கு வெகு முன்பே கற்று முடித்துவிடும். புதிதாக வரும் விந்தணுவை அது எதிரியாகப் பார்க்காமல் இருக்கத்தான் இந்தத் தடுப்பு. பலத்த அடியோ அறுவையோ இதை உடைத்தால், விந்தணுவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் உருவாகக்கூடும்.

விந்தணு உருவாக எத்தனை நாள்?

குழலுக்குள் 64 முதல் 74 நாள். அங்கிருந்து வெளிவரும்போது அதற்கு நீந்தத் தெரியாது. விந்தகத்தின் பின்புறம் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ், ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள ஒற்றைக் குழல். அதைக் கடக்க 2 முதல் 12 நாள் ஆகும். நீந்தும் திறன் அந்தப் பயணத்தில்தான் வருகிறது. பிறகு விந்து நாளம் வழியே மேலேறி, புராஸ்டேட் சுரப்பியைக் கடந்து வெளியே.

இந்தக் கணக்கு நடைமுறைக்கு மிக முக்கியம். இன்று சிகரெட்டை விட்டால் அடுத்த வாரப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது, மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். போன மாதம் அடித்த கடும் காய்ச்சலும் அப்படியே, இந்த மாதமோ அடுத்த மாதமோதான் எண்ணிக்கையில் இறங்கும்.

வெப்பம் உண்மையிலேயே கெடுக்குமா? டர்பன் வெயிலே போதாதா?

ஊர் வெயில் கெடுக்காது. விந்தகம் உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியில் வேலை செய்யும் உறுப்பு. வயிற்றுக்கு வெளியே விதைப்பையில் தொங்குவதே அதற்காகத்தான். வெயிலில் பை தளர்ந்து இறங்கும், குளிரில் தசை சுருங்கி மேலே இழுக்கும். உள்ளே இன்னொரு ஏற்பாடும் உண்டு: கீழே இறங்கும் தமனியைச் சுற்றிச் சிரைகள் வலைபோல் பின்னிக் கிடக்கும். மேலேறும் குளிர்ந்த இரத்தம், இறங்கும் சூடான இரத்தத்திலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டை மீறும் வெப்பம்தான் சிக்கல். சர்க்கரை ஆலைக் கொதிகலன் முன், பேக்கரி அடுப்பின் முன் நாள் முழுக்க நிற்பது, மணிக்கணக்கில் எழுந்திருக்காமல் லாரி ஓட்டுவது, மடியில் லேப்டாப், வாரம் பலமுறை சுடுநீர்த் தொட்டி. குழந்தைக்கு முயல்பவர்கள் இவற்றைக் குறைக்கலாம்: இரண்டு மணிக்கொரு முறை எழுந்து நடப்பது, தளர்ந்த உள்ளாடை. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 656 ஆண்களைப் பார்த்தார்கள். தளர்ந்த உள்ளாடை அணிந்தவர்களின் விந்தணு அடர்த்தி 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆனால் ஜட்டியை மாற்றினால் மட்டும் குழந்தை பிறக்கும் என்று நினைத்து ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம்.

ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறார்கள். ஆண்மை கூடும், விந்தணுவும் கூடும்தானே?

நேர் எதிர். ஒருபோதும் குழந்தைக்காக இதைப் போடாதீர்கள்.

மூளையின் ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு ஒரு சமிக்ஞை அனுப்பும். பிட்யூட்டரி சுரப்பி அதைக் கேட்டு இரண்டு ஹார்மோன்களை விடும். எல்.எச். லெய்டிக் செல்லுக்குப் போய் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கச் சொல்லும், எஃப்.எஸ்.எச். செர்டோலி செல்லுக்குப் போய் விந்தணு வேலையை நடத்தும். இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதும் என்று மூளைக்குத் தெரிந்தால் இரண்டையும் குறைத்துவிடும்.

விந்தணு உருவாக, விந்தகத்துக்குள் டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் இருப்பதைப்போலப் பல மடங்கு இருக்க வேண்டும். அந்த அளவைப் பக்கத்திலிருக்கும் லெய்டிக் செல்லால் மட்டுமே தர முடியும். ஊசி போட்டால் இரத்தத்தில் அளவு ஏறும், மூளை எல்.எச்.சை நிறுத்தும், விந்தகத்துக்குள் அளவு சரியும், உற்பத்தி நிற்கும். தசை வீங்கும், விந்தகம் சுருங்கும். பலருக்குச் சில மாதங்களில் எண்ணிக்கை பூஜ்யமாகிவிடும். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு 6 முதல் 12 மாதத்தில் திரும்பும், சிலருக்கு இரண்டு வருடம்வரை ஆகும், திரும்பாதவர்களும் உண்டு. பள்ளி ரக்பி அணியில் இடம் பிடிக்க மாத்திரை தேடும் பையனின் அப்பா இதை அவனுக்குச் சொல்லியாக வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் உண்மையிலேயே குறைந்து, குழந்தையும் வேண்டும் என்றால், ஊசிக்குப் பதில் விந்தகத்தையே தூண்டும் வேறு மருந்துகள் உள்ளன. மருத்துவரிடம் ‘குழந்தை வேண்டும்’ என்ற வார்த்தையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டாகா (கஞ்சா)?

அரசியல் சாசன நீதிமன்றம் 2018இல் வீட்டுக்குள் பயன்படுத்துவதைக் குற்றமல்ல என்றது. விந்தகம் அந்தத் தீர்ப்பைப் படிக்கவில்லை. அடிக்கடி புகைப்பவர்களிடம் விந்தணு எண்ணிக்கை குறைவாகக் காணப்படுகிறது.

ஒரு துளி விந்து நூறு துளி இரத்தம் என்கிறார்களே?

பொய். விந்து நீரில் விந்தகத்திலிருந்து வருவது 2 முதல் 5 சதவீதம் மட்டுமே. மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் விந்துப்பைச் சுரப்பியிலிருந்தும், மீதி பெரும்பாலும் புராஸ்டேட்டிலிருந்தும் வருகிறது. இரத்தம் இதில் செலவாவதில்லை. தூக்கத்தில் வெளியேறுவதும், சுய இன்பமும் விந்தகத்தைத் தேய்க்காது. நாளொன்றுக்குப் பல கோடி விந்தணு உருவாகிக்கொண்டேதான் இருக்கும். விந்து கெட்டியாக இருந்தால் விந்தணு அதிகம், நீர்த்திருந்தால் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. நகர நடுவில் கம்பத்துக்குக் கம்பம் ஒட்டியிருக்கும் ‘பெரிதாக்கும்’ களிம்பு விளம்பரங்களும் இதே பயத்தில்தான் பிழைக்கின்றன.

திடீர் வலி. என்ன செய்வது?

விந்தகம் முறுக்கிக்கொண்டது என்றே எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 12 முதல் 18 வயதில் அதிகம்; எந்த வயதிலும் வரலாம்.

இயல்பாக விந்தகம் பையின் பின்சுவரோடு ஒட்டியிருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் பிடி இல்லாமல், கோயில் மணியின் நாக்கு மாதிரி சும்மா தொங்கும். தூக்கத்திலோ விளையாட்டிலோ சுழன்றால், இரத்தக் குழாய் செல்லும் வடம் முறுக்கிக்கொண்டு இரத்தம் நின்றுவிடும். 6 மணி நேரத்துக்குள் அறுவை நடந்தால் பத்தில் ஒன்பது விந்தகம் பிழைக்கும். 24 மணி நேரம் கடந்தால் பத்தில் ஒன்றுகூடப் பிழைப்பது அரிது.

அறிகுறி: ஒரு பக்கம் திடீரெனக் கடும் வலி, வாந்தி, அந்த விந்தகம் மேலேறி குறுக்காகக் கிடப்பது, உள்தொடையைத் தடவினால் விந்தகம் மேலே சுருங்காமல் அசையாதிருப்பது. சில பையன்கள் கூச்சத்தில் ‘வயிறு வலிக்கிறது’ என்று மட்டும்தான் சொல்வார்கள். வயிற்றுவலியும் வாந்தியும் உள்ள பையனின் உடுப்பைக் கழற்றிக் கீழேயும் பார்க்க வேண்டும்.

வலி மாத்திரை கொடுத்துக் காலைவரை காத்திருக்காதீர்கள். எண்ணெய் தடவாதீர்கள். மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் சாப்பாடும் தண்ணீரும் வேண்டாம். கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் வலி தொடங்கிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டி இருந்தால் அதுவே பெரும்பாலும் வேகம். இல்லாவிட்டால் கைப்பேசியில் 112, ஆம்புலன்சுக்கு 10177. அறுவை செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்கே போங்கள். சின்ன கிளினிக்கில் வரிசையில் நின்றால் நேரம் போய்விடும். ‘விந்தகம் முறுக்கியிருக்கலாம்’ என்று வாசலிலேயே சொல்லுங்கள். ஸ்கேனுக்காக அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது.

மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இல்லையே என்று தயங்க வேண்டாம். அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று நம் அரசியல் சாசனத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றோர் ஊரில் இல்லாமல் பாட்டி அழைத்துப்போனாலும் உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்தான அவசரத்தில் மருத்துவமனைக் கண்காணிப்பாளரே ஒப்புதல் தரக் குழந்தைகள் சட்டத்தில் வழி உண்டு.

அறுவையில் முறுக்கை அவிழ்த்து, மறுபக்க விந்தகத்தையும் சேர்த்துத் தைத்து நிலைநிறுத்துவார்கள். பிடியில்லாத அமைப்பு இரு பக்கமும் இருக்கும் என்பதால் அது தேவை. வலி வந்து தானே விட்டாலும் காட்டியாக வேண்டும். அவிழ்ந்தது மறுபடி முறுக்கலாம்.

வலி மெதுவாக வந்து வீங்குகிறது, காய்ச்சலும் இருக்கிறது.

பெரும்பாலும் எபிடிடிமிஸ் அழற்சி. இளைஞர்களிடம் கிளமிடியா, கொனோரியா போன்ற பால்வினைத் தொற்று. வயதானவர்களிடம் சிறுநீர்த் தொற்று. பால்வினைத் தொற்றானால், துணைவருக்கும் சேர்த்து மருந்து எடுக்காவிட்டால் திரும்பி வரும். இளம் பையனிடம் இதுவா முறுக்கலா என்று சந்தேகம் வந்தால் முறுக்கல் என்றே நடத்த வேண்டும்.

இந்த நாட்டில் இன்னும் மூன்றைச் சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது. முதலாவது காசநோய். ஆன்டிபயாட்டிக் இரண்டு சுற்று முடிந்தும் எபிடிடிமிஸ் கெட்டியாக, முடிச்சு முடிச்சாக இருந்தால், சில நேரம் தோலில் புண் திறந்து கசிந்தால், டிபி பரிசோதனை கேளுங்கள். அது குழலை அடைத்து மலட்டுத்தன்மையில் முடியலாம். இரண்டாவது பில்ஹார்சியா என்ற ஆற்றுநீர்ப் புழுத் தொற்று. குவாசுலு-நட்டால் ஆறுகளிலும் தேங்கிய நீரிலும் குளித்து வளர்ந்தவர்களுக்குச் சிறுநீரிலோ விந்திலோ இரத்தம் வந்தால் இதைச் சோதிக்க வேண்டும். பிராசிகுவான்டெல் மாத்திரையில் குணமாகும். மூன்றாவது பொன்னுக்கு வீங்கி. பருவமடைந்த பிறகு வந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு விந்தகமும் வீங்கும். உறை தடித்தது, விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறிக் குழல்கள் நசுங்கும். பாதிக்கப்பட்ட பக்கம் பின்னர் சுருங்கலாம். இரு பக்கமும் தாக்கினால்தான் பெரும்பாலும் குழந்தைப்பேறு பாதிக்கும்.

வலியில்லாத கட்டி தட்டுப்படுகிறது.

வலியில்லை என்பதால்தான் அவசரம். விந்தகப் புற்றுநோய் 15 முதல் 40 வயதுக்காரர்களின் நோய். ஆரம்பத்தில் பிடித்தால் 95 சதவீதத்துக்கு மேல் குணமாகும்.

மாதம் ஒருமுறை வெந்நீரில் குளித்த பின், பை தளர்ந்திருக்கும்போது பாருங்கள். இரு கைவிரல்களையும் கீழே வைத்து, கட்டைவிரலை மேலே வைத்து மெல்ல உருட்டுங்கள். பின்புறம் மேலே தட்டுப்படும் மெத்தென்ற கயிறு போன்றது எபிடிடிமிஸ், அதைக் கட்டி என்று பயப்பட வேண்டாம். விந்தகத்தோடு ஒட்டிய கெட்டியான மேடு, மொத்தமாகக் கனத்துப்போன உணர்வு இருந்தால் அந்த வாரமே அல்ட்ராசவுண்ட். இரத்தத்தில் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்ற புற்றுநோய்க் குறியீடுகளைப் பார்ப்பார்கள். பையின் வழியே ஊசி குத்திச் சதை எடுக்க யாரையும் விடாதீர்கள், புற்று பரவும் பாதை மாறிவிடும். அறுவை அடிவயிற்றுக் கவட்டின் வழியேதான் நடக்கும். கீமோவுக்கு முன் விந்தணுவை உறைய வைப்பது பற்றிக் கேளுங்கள். மருத்துவர் சொல்ல மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.

பையில் புழு நெளிவது போல நரம்பு புடைத்திருக்கிறது.

வெரிகோசீல்: சிரை வீக்கம். ஆண்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்கு உண்டு. குழந்தைக்காக மருத்துவரிடம் வரும் ஆண்களில் 35 சதவீதத்துக்கு மேல். கிட்டத்தட்ட எப்போதும் இடப்பக்கம், ஏனெனில் இடது விந்தகச் சிரை சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேர்கிறது, அங்கே அழுத்தம் அதிகம். வெப்பம் தேங்குவதால் உற்பத்தி குறையலாம். எல்லோருக்கும் அறுவை வேண்டாம். கையால் உணரும் அளவுக்கு இருந்து, விந்துப் பரிசோதனையும் மோசமாக இருந்தால் பயனுண்டு. வலப்பக்கம் மட்டும் புதிதாக வந்தாலோ, படுத்தாலும் சுருங்காவிட்டாலோ சிறுநீரகத்தை ஸ்கேன் செய்ய வேண்டும்.

டார்ச் அடித்தால் ஒளி ஊடுருவும் நீர் வீக்கம் ஓதம், பெரும்பாலும் தொந்தரவில்லை. இருமினால் பெருக்கும், படுத்தால் உள்ளே போகும் வீக்கம் குடலிறக்கம். உள்ளே போகாமல் சிக்கி வலித்தால் அது தனி அவசரம்.

பிறந்த குழந்தைக்கு ஒரு விந்தகம் பையில் இல்லை.

கருவில் விந்தகம் வயிற்றில் உருவாகி, கடைசி மூன்று மாதத்தில் கவட்டு வழியே இறங்கும். நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேருக்குப் பிறக்கும்போது இறங்கியிருக்காது. ஆறு மாதம்வரை பொறுக்கலாம். அதன்பின் தானே இறங்குவது அரிது; 18 மாதத்துக்குள் அறுவை முடிந்திருக்க வேண்டும். ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்ற பேச்சைக் கேட்டுப் பள்ளி வயதுவரை விட்டால், உள்ளேயிருக்கும் வெப்பத்தில் இனச்செல்கள் குறைந்துவிடும், புற்றுநோய் வாய்ப்பும் கூடும். குளிரில் மேலே ஓடி வெந்நீரில் இறங்கி வருவது வேறு. அதற்கு அறுவை தேவையில்லை, வருடம் ஒருமுறை பார்த்தால் போதும்.

விந்துப் பரிசோதனைக்கு எப்படிக் கொடுப்பது? எண்களை எப்படிப் படிப்பது?

ஒரு வருடம் முயன்றும் கரு தங்காவிட்டால், மனைவிக்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து போங்கள். மனைவியை மட்டும் இரண்டு வருடம் அலையவைத்துவிட்டு, கடைசியில் கணவர் பரிசோதனைக்கு வருவது நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. இந்தப் பரிசோதனை மலிவு, வலியற்றது. முதல் நாளே செய்ய வேண்டியது.

2 முதல் 7 நாள் விந்து வெளியேற்றாமல் இருந்து, லேப் தரும் குப்பியில் நேராக எடுங்கள். சோப்பு, எச்சில், சாதாரண ஆணுறை எதுவும் படக் கூடாது. முதலில் வரும் பகுதியில்தான் விந்தணு அதிகம், அது சிந்தினால் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் லேப் போய்ச் சேர வேண்டும். வழியில் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள். பக்கியின் (பிக்கப் வண்டியின்) டாஷ்போர்டு வெயிலிலோ ஏசி காற்றிலோ வைக்காதீர்கள். டோங்காட்டிலிருந்து காலை நெரிசலில் டர்பனுக்கு வருபவர்கள் லேப்பிலேயே அறை கேட்பது நல்லது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின் கீழ் எல்லைகள்: அளவு 1.4 மி.லி., மி.லி.க்கு 1.6 கோடி விந்தணு, மொத்தம் 3.9 கோடி, அசைபவை 42 சதவீதம், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். வடிவம் ‘வெறும் 4’ என்று பார்த்து அதிர வேண்டாம், அதுவே இயல்புதான். எல்லைக்குக் கீழே இருப்பவரும் தகப்பனாகலாம். ஒரே பரிசோதனையை வைத்து முடிவெடுக்காமல் இன்னொன்று செய்யுங்கள். காய்ச்சல் வந்திருந்தால் மூன்று மாதம் கழித்து.

அறிக்கையில் பூஜ்யம் என்று வந்துவிட்டது.

முதலில் பிரிக்க வேண்டியது: உற்பத்தி இல்லையா, வழி அடைப்பா? விந்தகம் நல்ல அளவில், எஃப்.எஸ்.எச். இயல்பாக இருந்தால் பெரும்பாலும் அடைப்பு: பழைய தொற்று, காசநோய், பிறவியிலேயே விந்து நாளம் இல்லாமை. விந்தகம் சிறுத்து எஃப்.எஸ்.எச். உயர்ந்திருந்தால் உற்பத்திக் குறைபாடு. செர்டோலி செல்லிலிருந்து போதும் என்ற செய்தி போகாததால் பிட்யூட்டரி கத்திக்கொண்டே இருக்கிறது. குரோமோசோம் பரிசோதனை அவசியம்: ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு ஓர் எக்ஸ் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்ட்டர் நிலை உண்டு. இவர்களிலும் சிலருக்கு நுண்ணோக்கி வழியே விந்தகத்தைத் திறந்து தேடினால் ஆங்காங்கே விந்தணு கிடைக்கும். ஒன்று கிடைத்தாலும் அதைக் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்தும் முறை 1992 முதல் நடைமுறையில் இருக்கிறது.

பூச்சிமருந்து, டிடிடி?

மலேரியாவுக்காக வீட்டுச் சுவரில் டிடிடி அடிக்கும் லிம்போப்போ கிராமங்களில் ஆண்களின் விந்தணு தரம் குறைந்திருந்ததை ஆய்வுகள் காட்டின. டர்பன் மலேரியாப் பகுதி அல்ல. கரும்புத் தோட்டத்தில் மருந்து அடிப்பவர்கள் கையுறை, முகமூடி அணிந்து, உடுப்பைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

நுனித்தோல் நீக்கினால் விந்தகம் பாதிக்குமா?

இல்லை. கத்தி அந்தப் பக்கமே போவதில்லை.

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்தால் ஆண்மை போகுமா?

போகாது. விந்து நாளத்தை மட்டும் வெட்டிக் கட்டுகிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் இரத்தம் வழியே போகிறது, நாளம் வழியே அல்ல. விந்து நீரின் அளவிலும் வித்தியாசம் தெரியாது. 18 வயதானவர் தானே முடிவெடுக்கலாம். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவியின் கையெழுத்து தேவையில்லை. சொல்லாமல் செய்வது நல்லதா என்பது வேறு விஷயம்.

தவறு நடப்பது பெரும்பாலும் அறுவைக்குப் பிறகுதான். நாளத்தின் மேற்பகுதியில் பழைய விந்தணு மிச்சமிருக்கும். 12 வாரமும் ஏறத்தாழ 20 முறை வெளியேற்றமும் ஆன பிறகு பரிசோதனையில் ‘இல்லை’ என்று வரும்வரை வேறு தடுப்பு கட்டாயம். எச்.ஐ.வி. விந்து நீரிலும் இருப்பதால் இந்த அறுவை அதைத் தடுக்காது. ஆணுறைக்கு இது மாற்றல்ல.